பழைய விளையாட்டுகளுக்கு எந்த இயங்குதளம்? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

"அண்ணாச்சி, பழைய கேம்லாம் ஆடணும், எந்த விண்டோஸ் போட்டா நல்லாருக்கும்?" என்ற கேள்வியோடு திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ முருகன்குறிச்சியிலோ ஒரு கணினிக் கடைக்குள் நுழைகிறவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "செவன் போட்டுருவோம், எல்லாம் ஓடும்" என்பதுதான். அந்தப் பதில் பாதிதான் சரி. விண்டோஸ் 7இல் ஓடுகிற பழைய விளையாட்டுகள் நிறைய உண்டு, ஓடாதவையும் நிறைய உண்டு. ஓடுகிறவற்றில் பெரும்பகுதி, சிறிது கைவேலை செய்தால், இப்போது வீட்டில் இருக்கிற விண்டோஸ் 10 அல்லது 11இலேயே ஓடிவிடும் என்பதால், அதற்காக இயங்குதளத்தையே மாற்றிவிட்டுப் பாதுகாப்பு இல்லாத ஒரு கணினியோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. கணினியைப் பார்த்து இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதை விட, ஆட விரும்பும் விளையாட்டு எந்த ஆண்டில் எந்த இயங்குதளத்துக்காக எழுதப்பட்டது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரியான முறை. இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் செல்கிறது.

பழைய விளையாட்டு ஏன் ஓட மறுக்கிறது?

காரணங்கள் பல அல்ல. மூன்றைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான சிக்கல்களின் வேர் புரிந்துவிடும்.

முதலாவது, 16 பிட் நிரல்கள், அதாவது பழைய தலைமுறைச் செயலிகளுக்காக எழுதப்பட்டவை. 32 பிட் விண்டோஸ்களுக்குள் டாஸ் (விண்டோஸுக்கு முந்திய, கட்டளைகளைத் தட்டி இயக்கும் இயங்குதளம்) நிரல்களையும் விண்டோஸ் 3.1 காலத்து நிரல்களையும் இயக்குவதற்கென்று ஒரு தனிப் பகுதி இருந்தது. 64 பிட் விண்டோஸ் எதிலும் அந்தப் பகுதி இல்லை. விண்டோஸ் 11 கணினிகளுக்கு 64 பிட்டாக மட்டுமே வருகிறது. ஆகவே "செவன் போட்டால் ஓடும்" என்கிறவரிடம், போடப்போவது 32 பிட் செவனா 64 பிட் செவனா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டும் இந்த விஷயத்தில் வேறு வேறு.

இரண்டாவது, குறுந்தகட்டின் நகல் தடுப்பு. 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த விளையாட்டுகள் பலவற்றில் சேஃப்டிஸ்க், செக்யூராம் போன்ற பூட்டுகள் இருந்தன. சேஃப்டிஸ்க் தனக்கென ஒரு டிரைவரை, அதாவது துணை நிரலை, இயங்குதளத்தின் அடிமட்டத்தில் வைத்துக்கொண்டது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால், விண்டோஸ் 10 அதை ஏற்கவே இல்லை. 2015 செப்டம்பரில் வந்த ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அந்த டிரைவரை நிறுத்திவிட்டது. அசல் தகட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்தான் இதனால் திண்டாடுகிறார் என்பது இந்தத் துறையின் பழைய வேடிக்கைகளில் ஒன்று.

மூன்றாவது, வரைகலையும் வேகமும். அந்தக் காலத்து விளையாட்டுகள் 640க்கு 480 புள்ளிகள், 256 நிறங்கள், ஒரே மையம் கொண்ட செயலி என்ற கணக்கில் எழுதப்பட்டவை. இன்றைய கணினியின் வேகத்தில் சில விளையாட்டுகள் கண்மண் தெரியாமல் ஓடும். சிலவற்றில் நிறங்கள் குழம்பும். சில திரையைக் கறுப்பாக்கிவிட்டு அப்படியே நின்றுவிடும்.

முதல் படி: விளையாட்டின் வயதைக் கண்டுபிடியுங்கள்

தகட்டின் உறையின் பின்பக்கத்தில், தேவைப்படும் கணினி பற்றிச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். "விண்டோஸ் 95 அல்லது 98, பென்டியம் செயலி, 32 எம்.பி. ரேம்" என்பது போன்ற ஒரே வரி போதும். உறை தொலைந்திருந்தால், தகட்டுக்குள் 'ரீட்மீ' என்ற பெயரில் இருக்கும் எழுத்துக் கோப்பைத் திறந்து பாருங்கள். அதுவும் இல்லையென்றால், விளையாட்டின் முதன்மை இயக்கக் கோப்பின் மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்து, கடைசியாக மாற்றப்பட்ட தேதியைப் பாருங்கள். நகலெடுத்த பிறகும் அந்தத் தேதி பெரும்பாலும் மாறாமல் இருக்கும்.

நம் பக்கத்துப் பிரவுசிங் சென்டர்களிலும் பள்ளிக் கணினி அறைகளிலும் ஆடிப் பழகிய விளையாட்டுகளை வைத்தே வகை பிரித்தால், 1990இல் டாஸில் வந்த டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, 1992இன் வுல்ஃபென்ஸ்டைன் 3டி, 1993இன் டூம் ஆகியவை டாஸ் காலத்தவை. 1996இல் கணினிக்கு வந்த ரோட் ராஷ், 1997இன் கிளா, 1999இன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, 2000ஆம் ஆண்டின் புராஜெக்ட் ஐ.ஜி.ஐ. ஆகியவை விண்டோஸ் 95, 98 காலத்தவை. 2003இல் கணினிக்கு வந்த வைஸ் சிட்டி, 2005இன் நீட் ஃபார் ஸ்பீடு மோஸ்ட் வான்டட், 2006 இறுதியில் வந்த கிரிக்கெட் 07 ஆகியவை விண்டோஸ் எக்ஸ்பி காலத்தவை. அதற்குப் பின் வந்தவற்றை இங்கே பழையவை என்று கணக்கில் எடுக்கவில்லை. அவை பெரும்பாலும் இன்றைய விண்டோஸில் நேரடியாகவே ஓடும்.

இரண்டாம் படி: கையில் இருக்கும் கணினியைப் பாருங்கள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து வீடுகளில் பொதுவாக மூன்று வகைக் கணினிகளைப் பார்க்கலாம். கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய, விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள மடிக்கணினி ஒன்று. 2011இல் தொடங்கிய திட்டத்தில் பிளஸ் டூ முடித்த அக்காவுக்கோ அண்ணனுக்கோ அரசு கொடுத்து, இப்போது பேட்டரி போய்ப் பீரோவுக்குள் கிடக்கும் மடிக்கணினி இரண்டாவது. மூன்றாவது, கடையில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த பென்டியம் 4 கணினி. அது மச்சில் அல்லது பரணில் சாக்குக்குள் இருக்கும். இந்த மூன்றும் மூன்று வகை விளையாட்டுகளுக்குப் பயன்படும். எதையும் எடைக்குப் போட்டுவிட அவசரப்பட வேண்டாம்.

'டாஸ் லேப்டாப்' என்று விலை குறைத்து விற்கப்படும் கணினியை வாங்கினால் டாஸ் விளையாட்டுகள் ஓடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் வருவது ஃப்ரீடாஸ் என்ற கட்டற்ற இயங்குதளம். விண்டோஸ் உரிமத்தின் விலையைத் தவிர்ப்பதற்காக வைக்கப்படுவது. அதில் டாஸ் விளையாட்டுத் தொடங்கினாலும், இன்றைய மடிக்கணினியின் ஒலிப் பகுதியை அந்தக் கால விளையாட்டுக்கு அடையாளம் தெரியாது என்பதால், ஓசையில்லாமல்தான் ஆட வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: டாஸ் விளையாட்டென்றால் இயங்குதளத்தை மறந்துவிடுங்கள்

இந்த வகைக்கு விடை மிக எளிது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுகிறது. ஒரு பழைய கணினியை, அதன் ஒலி அட்டை முதற்கொண்டு, மென்பொருளாகவே உருவாக்கிக் காட்டுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர் அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அமைப்புகள் சற்று எளிதாக இருக்கும்.

செய்முறையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் கறுப்புத் திரையைப் பார்த்து மிரண்டு மூடிவிடுகிறார்கள். முதலில் சி டிரைவில் 'கேம்ஸ்' என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் விளையாட்டின் கோப்புகளை ஒரு தனிக் கோப்புறையாகப் போடுங்கள். கோப்புறையின் பெயர் எட்டு எழுத்துக்கு மிகாமல், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். டாஸ் அதற்கு மேல் படிக்காது. டாஸ்பாக்ஸைத் திறந்ததும் 'மவுண்ட்' என்ற கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சி என்ற ஆங்கில எழுத்தைத் தட்டி, மீண்டும் ஓர் இடைவெளி விட்டு, நீங்கள் உருவாக்கிய கோப்புறையின் முழு முகவரியையும் தட்டி என்டரை அழுத்த வேண்டும். பிறகு சி எழுத்தையும் முக்காற்புள்ளியையும் தட்டி என்டர். அடுத்து 'சிடி' கட்டளையால் விளையாட்டின் கோப்புறைக்குள் நுழைந்து, 'டிஐஆர்' கட்டளையால் உள்ளே இருப்பவற்றைப் பட்டியலிட்டு, இயக்கக் கோப்பின் பெயரைத் தட்டினால் விளையாட்டுத் தொடங்கும்.

ஒலி வரவில்லையென்றால் விளையாட்டோடு வரும் 'செட்டப்' நிரலை ஒருமுறை இயக்கி, ஒலி அட்டையாக சவுண்ட் பிளாஸ்டர் 16ஐயும், முகவரியாக 220ஐயும், ஐ.ஆர்.க்யூ. என்ற இடத்தில் 7ஐயும், டி.எம்.ஏ. என்ற இடத்தில் 1ஐயும் கொடுங்கள். டாஸ்பாக்ஸ் தானாக வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. விளையாட்டு மிக வேகமாக ஓடினால், பழைய டாஸ்பாக்ஸில் கண்ட்ரோல் விசையோடு எஃப் 11ஐ அழுத்தினால் வேகம் குறையும். எஃப் 12ஐ அழுத்தினால் கூடும். சுட்டி அந்தச் சாளரத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் கண்ட்ரோலும் எஃப் 10ம் அதை விடுவிக்கும்.

குறுந்தகட்டில் வந்த டாஸ் விளையாட்டுகளில் ஒரு நுணுக்கம் உண்டு. சிலவற்றில் இசை, பாட்டுத் தகட்டில் இருப்பது போலவே தனித் தடங்களாகப் பதியப்பட்டிருக்கும். அத்தகைய தகட்டை ஐ.எஸ்.ஓ. கோப்பாக நகலெடுத்தால் விளையாட்டு வரும், இசை வராது. அதற்குப் பதிலாக 'பின்', 'க்யூ' என்ற பெயர்முடிவுகள் கொண்ட இரட்டைக் கோப்பாக நகலெடுத்து, டாஸ்பாக்ஸின் 'இம்ஜ்மவுண்ட்' கட்டளையால் இணைக்க வேண்டும்.

டூம் போன்ற சில விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸ்கூட வேண்டாம். அதன் மூல நிரலை 1997இல் உருவாக்கியவர்களே வெளியிட்டுவிட்டதால், சாக்லேட் டூம், ஜிஸெட்டூம் என இன்றைய கணினிகளுக்கென்றே எழுதப்பட்ட பதிப்புகள் இருக்கின்றன. விளையாட்டின் தரவுக் கோப்பு மட்டும் உங்களிடம் இருந்தால் போதும்.

நான்காம் படி: 95, 98 காலத்து விளையாட்டுகள்

தொல்லை தருவது இந்த வகைதான். டாஸ் விளையாட்டுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது. எக்ஸ்பி காலத்தவை இன்றைய விண்டோஸுக்கு நெருங்கிய உறவு. இடைப்பட்ட இவை அங்கும் சேராமல் இங்கும் சேராமல் நிற்கின்றன.

முதல் தடை பெரும்பாலும் நிறுவும்போதே வரும். தகட்டைப் போட்டு 'செட்டப்'பைச் சொடுக்கினால், இந்த நிரல் உங்கள் கணினியில் இயங்காது என்று விண்டோஸ் சொல்லிவிடும். விளையாட்டே ஓடாது என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்தில் விளையாட்டு 32 பிட்டாகவும் அதை நிறுவும் நிரல் 16 பிட்டாகவும் இருந்தது சகஜம். தடை நிறுவும் நிரலுக்கு மட்டும்தான். தகட்டைத் திறந்து பாருங்கள்: விளையாட்டின் கோப்புகள் சுருக்கப்படாமல் அப்படியே ஒரு கோப்புறைக்குள் இருந்தால், அதை வன்தட்டுக்கு நகலெடுத்து நேரடியாக இயக்கிப் பார்க்கலாம். சுருக்கப்பட்டிருந்தால், ஓ.டி.வி.டி.எம். என்ற இலவச மென்பொருள் 64 பிட் விண்டோஸிலும் 16 பிட் நிரல்களை இயக்கித் தரும். அதன் வழியாக நிறுவலை முடித்துவிடலாம்.

இரண்டாவது தடை வரைகலை. டிஜிவூடூ 2 என்ற மென்பொருள், பழைய டைரக்ட்எக்ஸ் (விளையாட்டுகள் வரைகலைக்குப் பயன்படுத்தும் விண்டோஸ் பகுதி) அழைப்புகளையும், அந்தக் கால 3டிஎஃப்எக்ஸ் வரைகலை அட்டைகளுக்கே உரிய கிளைட் அழைப்புகளையும் இன்றைய வரைகலை அட்டைக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. அதன் பொதிக்குள் 'எம்எஸ்' என்ற கோப்புறையில் 'எக்ஸ் 86' என்ற உட்கோப்புறை இருக்கும், அதிலுள்ள டி.எல்.எல். என்ற துணைக் கோப்புகளை விளையாட்டின் இயக்கக் கோப்பு இருக்கும் இடத்திலேயே ஒட்டினால் போதும், விண்டோஸின் சொந்தக் கோப்புறைகளில் கை வைக்க வேண்டியதே இல்லை. ஏதேனும் தவறாகப் போனால் ஒட்டிய கோப்புகளை அழித்துவிட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

விண்டோஸ் 7 தான் சிறந்தது என்பவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 256 நிறங்களில் எழுதப்பட்ட ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இன் அசல் பதிப்பு, விஸ்டாவிலும் 7இலும்தான் புல்வெளியைச் சிவப்பாகவும் தண்ணீரை ஊதாவாகவும் காட்டிப் பெயர் கெட்டது. விண்டோஸின் எக்ஸ்புளோரரை டாஸ்க் மேனேஜரில் நிறுத்திவிட்டு ஆடுவதுதான் அப்போது எல்லோரும் செய்த வைத்தியம். இயங்குதளம் பழையது என்பதாலேயே பழைய விளையாட்டுக்குப் பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: எக்ஸ்பி காலத்து விளையாட்டுகள்

இவற்றுக்கு விண்டோஸ் 10, 11 தாராளமாகப் போதும். இரண்டு வேலைகளை முன்கூட்டியே செய்துவைத்து, மூன்றாவதைத் தேவைப்பட்டால் மட்டும் செய்தால் பெரும்பாலான தகராறுகள் எழவே மாட்டா.

விளையாட்டை 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் நிறுவாமல், முன்பு சொன்ன 'கேம்ஸ்' கோப்புறைக்குள் நிறுவுங்கள். பழைய விளையாட்டுகள் ஆட்டத்தின் நிலையைத் தம் கோப்புறைக்குள்ளேயே சேமிக்கும் வழக்கம் உடையவை. விஸ்டாவுக்குப் பிந்திய விண்டோஸ்கள் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத எளிதில் விடுவதில்லை. அடுத்து, மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் தொகுப்பை அதன் தளத்திலிருந்தே இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள். 'டி3டிஎக்ஸ்9' என்று தொடங்கும் ஒரு டி.எல்.எல். கோப்பைக் காணவில்லை என்ற செய்தி இதனால் மறையும். அந்த ஒரு கோப்பை மட்டும் ஏதோ ஒரு தளத்திலிருந்து தனியாக இறக்கிப் போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். வைரஸ் வருவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. மூன்றாவதாக, இயக்கக் கோப்பின் பண்புகளில் 'கம்பாட்டிபிலிட்டி' என்ற தாவலுக்குச் சென்று விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இதை முதலிலேயே செய்ய வேண்டாம். நேரடியாக ஓடாதபோது மட்டும் செய்யுங்கள்.

வைஸ் சிட்டி ஆடுகிறவர்கள், விளையாட்டின் திரை அமைப்புகளில் உள்ள 'ஃபிரேம் லிமிட்டர்' என்பதை அணைக்கக் கூடாது. அதை அணைத்தால் இன்றைய கணினியின் வேகத்துக்கு விளையாட்டின் இயற்பியல் ஈடுகொடுக்காமல், வண்டிகளும் ஆட்களும் விசித்திரமாக நடந்துகொள்ளத் தொடங்கும். சைலன்ட்பேட்ச் என்ற இலவசத் திருத்தத்தை விளையாட்டின் கோப்புறையில் போட்டால், புதிய விண்டோஸில் வரும் மற்றக் கோளாறுகளும் குறையும். மோஸ்ட் வான்டட் போன்றவற்றுக்கு அகலத்திரைத் திருத்தங்கள் தனியே கிடைக்கின்றன. அவை இல்லாமல் ஆடினால் கார்கள் பக்கவாட்டில் நசுங்கிப் பரந்தது போலத் தெரியும்.

ஆறாம் படி: பீரோவில் இருக்கும் மடிக்கணினிக்கு லினக்ஸ்

அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் ஒரு வகையான பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள்; திறந்து பார்த்தவர்கள் குறைவு. அந்தக் கணினிகளின் இரண்டு ஜி.பி. ரேமை வைத்துக்கொண்டு விண்டோஸ் 10ஐப் போடுவது கணினிக்கும் கஷ்டம், ஆடுகிறவருக்கும் கஷ்டம். லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இரண்டு ஜி.பி.யில் ஓடும், நான்கு இருந்தால் நன்றாகவே ஓடும். எட்டு ஜி.பி. பென்டிரைவ் ஒன்று போதும். முதலில் நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து இயக்கி, ஒலி, வைஃபை, திரை மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நிறுவலாம்.

லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டுவது வைன் என்ற மென்பொருள். 1993இல் தொடங்கப்பட்ட இது, விண்டோஸை முழுமையாக உருவாக்கிக் காட்டாமல், விளையாட்டு விண்டோஸிடம் கேட்பவற்றை லினக்ஸுக்குப் புரியும் வேண்டுகோளாக மாற்றுகிறது. விண்டோஸ் 11 கைவிட்ட 16 பிட் விண்டோஸ் நிரல்களையும் இது 64 பிட் லினக்ஸில் இயக்கும் என்பதால், நான்காம் படியில் சொன்ன விளையாட்டுகள் சில விண்டோஸைவிட லினக்ஸில் எளிதாக ஓடுகின்றன. லூட்ரிஸ், பாட்டில்ஸ் ஆகிய இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டால், ஒவ்வொரு விளையாட்டுக்கும் வைனின் அமைப்புகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியும். ஒன்றுக்குச் செய்த மாற்றம் மற்றொன்றைக் கெடுக்காது.

ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கிய விளையாட்டுகளுக்கு வால்வ் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த புரோட்டான் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் வல்கன் என்ற வரைகலை முறையை நம்பியிருப்பது. 2011ஐ ஒட்டி வந்த இன்டெல் வரைகலைப் பகுதிகளில் வல்கன் கிடையாது. அத்தகைய மடிக்கணினியில் புரோட்டானோடு மல்லுக்கட்டாமல், ஓப்பன்ஜிஎல் என்ற பழைய வரைகலை முறையை வைத்து வேலை செய்யும் சாதாரண வைனையே பயன்படுத்துங்கள்.

நகல் தடுப்புப் பூட்டு உள்ள தகடுகளுக்கு லினக்ஸும் உத்தரவாதம் இல்லை.

ஏழாம் படி: பரணில் இருக்கும் பழைய கணினி

எல்லாவற்றையும் அந்தக் காலத்து இயந்திரத்திலேயே ஆட வேண்டும் என்ற ஆசை இருந்தால், அது நியாயமான ஆசைதான். ஆனால் அதற்கென்று ஒரு தனிக் கணினியை ஒதுக்குங்கள். வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் பாடமும் இருக்கும் கணினியில் எக்ஸ்பியைப் போடாதீர்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடும், விண்டோஸ் 7க்கானது 2020 ஜனவரி 14ஆம் தேதியோடும் முடிந்துவிட்டன. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் உலகெங்கும் பரவியபோது, மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தத்தை வெளியிட வேண்டிவந்தது. அந்தக் கணினிக்கு இணைய வடத்தைச் செருகாமல் இருப்பதே பாதுகாப்பு.

பென்டியம் 4 கணினிக்கு எக்ஸ்பியே என் பரிந்துரை. விண்டோஸ் 98 டாஸுக்கு நேரடியாக இறங்க விடுவது, பழைய 3டிஎஃப்எக்ஸ் அட்டைகளோடு ஒத்துப்போவது ஆகிய நன்மைகளை உடையது என்றாலும், 512 எம்.பி.க்கு மேல் ரேம் இருந்தால் தடுமாறும், பென்டிரைவைத் தனி டிரைவர் இல்லாமல் அறியாது. நம் ஊரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய குறை மின்சாரம் சம்பந்தப்பட்டது. 98 பயன்படுத்தும் ஃபேட் 32 கோப்பு முறைமை, மின்சாரம் சட்டென்று போனால் எந்தக் கோப்பு பாதியில் நின்றது என்பதைக் குறித்துவைப்பதில்லை; அடுத்த முறை திறக்கும்போது ஸ்கேன்டிஸ்க் நீலத்திரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும், சில நேரங்களில் சேமித்த ஆட்டம் காணாமற்போயிருக்கும். எக்ஸ்பியின் என்.டி.எஃப்.எஸ். இந்த அடியை ஓரளவு தாங்கும். எதைப் போட்டாலும் யூ.பி.எஸ். இல்லாமல் ஆடாதீர்கள். விண்டோஸ் மில்லேனியத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தவிர்த்துவிடுங்கள்.

பரணிலிருந்து இறக்கியதும் மின்சாரம் கொடுத்துவிடக் கூடாது. பக்கத் தகட்டைக் கழற்றி, எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கியிலும் செயலியின் விசிறியிலும் அடைந்திருக்கும் தூசியை முதலில் ஊதி எடுங்கள். சித்திரை வெயிலில் அந்தத் தூசியோடு ஓடினால் கணினி தானாக அணைந்துவிடும். மதர்போர்டில் உள்ள சிறிய உருளை வடிவ மின்தேக்கிகளின் தலைப்பகுதி உப்பியிருந்தால், அதை மாற்றாமல் மேற்கொண்டு போக வேண்டாம். சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ பேட்டரியையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போயிருக்கும், பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரல்) அமைப்புகளும் மறந்திருக்கும்.

சாட்டா வன்தட்டு உள்ள கணினியில் எக்ஸ்பியை நிறுவும்போது நீலத்திரை வந்து, கடைசியில் 7பி என்று முடியும் பிழை எண்ணைக் காட்டினால், வன்தட்டு கெட்டுவிட்டது என்று யாரும் புதிது வாங்க வேண்டாம். எக்ஸ்பிக்கு ஏ.எச்.சி.ஐ. முறை தானாகத் தெரியாது. பயாஸுக்குள் சென்று சாட்டாவின் முறையை ஐ.டி.இ. என்று மாற்றிவிட்டு மீண்டும் நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரே கணினியில் இரண்டு விண்டோஸ்களை வைப்பதானால் பழையதை முதலிலும் புதியதைப் பிறகும் நிறுவுங்கள். வரிசை மாறினால் புதியது திறக்க வழியில்லாமல் போகும்.

பழைய கணினியே இல்லாதவர், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினிக்குள் எக்ஸ்பியை நிறுவலாமே என்று கேட்கக்கூடும். இரு பரிமாண விளையாட்டுகளுக்கு அது போதும். முப்பரிமாண விளையாட்டுகளுக்கு விர்ச்சுவல்பாக்ஸின் புதிய பதிப்புகள் எக்ஸ்பிக்குத் துணை செய்வதில்லை. விஎம்வேர் அதைவிட மேல். 86பாக்ஸ் என்ற மென்பொருள் பழைய கணினியை 3டிஎஃப்எக்ஸின் வூடூ அட்டையோடு அப்படியே உருவாக்கிக் காட்டும், ஆனால் அதற்கு வலுவான புதிய செயலி வேண்டும். மேக் வைத்திருப்பவர்கள், 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து 32 பிட் நிரல்களே ஓடாது என்பதை நினைவில் கொள்ளவும். டாஸ் விளையாட்டுகளுக்கு மேல் அதில் ஆசை வைக்க வேண்டாம்.

எட்டாம் படி: விளையாட்டை எங்கிருந்து பெறுவது?

பழைய குறுந்தகடுகள் இருந்தால் உடனே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், யூ.எஸ்.பி.யில் செருகும் டி.வி.டி. டிரைவ் ஒன்று இருந்தால் புதிய மடிக்கணினியிலேயே அதைச் செய்யலாம். தகடு இல்லையென்றால், 2008இல் தொடங்கப்பட்ட ஜி.ஓ.ஜி. தளத்தில் தேடுங்கள். அங்கே விற்கப்படும் பழைய விளையாட்டுகளில் நகல் தடுப்புப் பூட்டு கிடையாது. டாஸ் விளையாட்டுகளோடு டாஸ்பாக்ஸையும் அமைத்தே தந்துவிடுகிறார்கள். தள்ளுபடிக் காலத்தில் டவுனில் ஒரு வேளை அல்வாவுக்கு ஆகும் செலவில் ஒரு விளையாட்டு வந்துவிடும். அதற்காக ஒரு நாள் முழுக்க டி.எல்.எல். கோப்புகளைத் தேடி அலைவதை மிச்சப்படுத்தலாம். கைவிடப்பட்ட விளையாட்டு என்று சொல்லி இலவசமாகத் தரும் தளங்கள் பல உண்டு. கடையில் விற்பது நின்றுபோனதால் பதிப்புரிமை முடிந்துவிட்டதாக ஆகாது.

பென்டிரைவில் நண்பர் கொண்டுவரும் விளையாட்டுகளைத் திறப்பதற்கு முன் வைரஸ் சோதனை செய்வது அவசியம். கிராக் செய்த, அதாவது பூட்டை உடைத்த, இயக்கக் கோப்பு என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை; அதை வைரஸ் தடுப்பான் பிடிக்கும்போது தடுப்பானை அணைத்துவிடச் சொல்லும் குறிப்போடுதான் அது பெரும்பாலும் வரும்.

இரண்டு கணினிகளில் சேர்ந்து ஆடுவதானால்

கோடை விடுமுறைக்கு வந்த சித்தப்பா பிள்ளைகளோடு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடுவது போன்ற தேவைகளுக்கு, இரண்டு கணினிகளையும் ஒரே ரவுட்டரில் இணைத்து, இரண்டிலும் விளையாட்டின் ஒரே பதிப்பையே நிறுவுங்கள். பதிப்பெண் சிறிது மாறினாலும் ஒன்றையொன்று காணாது. விண்டோஸ் 10, 11இல் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலைத் திறந்து, 'லெகசி காம்பொனன்ட்ஸ்' என்பதன் கீழ் உள்ள 'டைரக்ட்பிளே'யைத் தேர்வு செய்ய வேண்டும். விளையாட்டுக்குள் இணைப்பு வகையாக டி.சி.பி. ஐ.பி.யைத் தேர்ந்தெடுங்கள். ஐ.பி.எக்ஸ். என்ற பழைய இணைப்பு முறை மட்டுமே தெரிந்த விளையாட்டென்றால், விஸ்டாவிலிருந்து விண்டோஸில் ஐ.பி.எக்ஸ். இல்லை என்பதால், ஐ.பி.எக்ஸ். ரேப்பர் என்ற இலவச மென்பொருளை இரண்டு பக்கமும் போட வேண்டியிருக்கும். டாஸ் விளையாட்டென்றால் டாஸ்பாக்ஸுக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது. அப்படியும் ஒரு கணினி மற்றொன்றைக் காணவில்லையென்றால், வீட்டு வைஃபை விண்டோஸில் 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை 'பிரைவேட்' என்று மாற்றி, ஃபயர்வாலில் அந்த விளையாட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.